ஆர்டுயினோ போர்ட்டைப் பிடுங்கிய பிரெய்ல் மென்பொருள்: அதை எல்லோர் கணினியிலும் வைக்கத்தான் வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் போட்ட லேப்டாப்பில், ஆர்டுயினோ நேனோ என்ற சின்ன எலக்ட்ரானிக்ஸ் போர்டின் மலிவு நகல் (குளோன்) ஒன்றைச் செருகினீர்கள். போர்டோடு பேசுவதற்கான போர்ட் ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துவிட்டது. கேபிளை மாற்றி, போர்டை மாற்றி, ஒரு ராத்திரியைத் தொலைத்த பிறகு, பிரெய்ல் கருவிகளைக் கணினியோடு இணைக்கும் பிஆர்எல்டிடிஒய் (BRLTTY) என்ற மென்பொருள்தான் அதைப் பிடுங்கிக்கொள்கிறது என்று கண்டுபிடித்தீர்கள். அதை நீக்கியதும் போர்ட் வந்துவிட்டது. "எனக்குப் பார்வை இருக்கிறது, வீட்டில் எல்லோருக்கும் இருக்கிறது. பார்வையற்றவர்களுக்கான மென்பொருளை என்னைக் கேட்காமல் எதற்கு நிறுவுகிறார்கள்? வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளலாமே?" என்று கேட்கிறீர்கள். கோபம் நியாயமானது. ஆனால் உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த மென்பொருள் கணினியில் இருக்கலாமா என்பது ஒன்று. செருகுகிற சாதனத்தை அது கேட்காமல் எடுத்துக்கொள்ளலாமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு என் பதில் ஆமாம், தயக்கமே இல்லாமல். இரண்டாவதில் பெரும்பாலும் உங்கள் பக்கம்தான் நிற்பேன்.

பேசுகிறவன் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு கலை அறிவியல் கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பதினாறு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். பார்வையற்ற மாணவர்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது வருவார்கள். அவர்களுக்குக் கணினி தயார் செய்து கொடுப்பதும் என் வேலையில் சேர்ந்துவிட்டது. எனக்குப் பார்வை உண்டு. பிரெய்லைக் கண்ணால் பார்த்து எழுத்துக்கூட்டுவேன், விரலால் படிக்க வராது. அதனால் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரோடு நாள் முழுக்க வேலை செய்வது எப்படியிருக்கும் என்பதில் என் சொல்லை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கணினிக்குள் என்ன நடக்கிறது என்பதில் நம்பலாம்.

முதலில் உங்கள் போர்ட்டுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம். மலிவான ஆர்டுயினோ குளோன்களில் யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றுவதற்கு சிஎச்340 என்ற சீனச் சிப் இருக்கும். யூஎஸ்பியில் செருகும் எந்தப் பொருளும் 'நான் இன்னார்' என்று இரண்டு எண்களைச் சொல்லும்: ஒன்று தயாரிப்பாளர் எண், மற்றது பொருளின் எண். இந்தச் சிப் சொல்வது 1ஏ86, 7523. போர்டைச் செய்தவர் யாராக இருந்தாலும் சிப் அதையேதான் சொல்லும். தனக்கென்று சொந்தத் தயாரிப்பாளர் எண் வாங்கச் சில ஆயிரம் டாலர் கட்ட வேண்டும். முந்நூறு ரூபாய் போர்டு செய்பவர் அதைக் கட்ட மாட்டார், சிப்போடு வந்த எண்ணையே வைத்துக்கொள்வார். ஊரில் ஆயிரம் வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்டது மாதிரிதான்.

இப்போது அதே சிப்பைப் போட்டு ஒருவர் பிரெய்ல் டிஸ்ப்ளே, அதாவது திரையின் எழுத்தை விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளிகளாக எழுப்பும் கருவி, செய்தால்? செய்திருக்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் கீழ் பார்வையற்றோருக்கான தேசிய நூலகச் சேவை ஒன்று இருக்கிறது. அது வாசகர்களுக்கு இலவசமாக இரவல் கொடுக்கும் 20 செல் (ஒரு செல்லில் ஒரு பிரெய்ல் எழுத்து) பிரெய்ல் வாசிப்பான்களில் ஒரு வகை இதே 1ஏ86, 7523 எண்ணோடு வருகிறது. பிஆர்எல்டிடிஒய்யின் சாதனப் பட்டியலில் அந்த வாசிப்பானின் பெயர் அந்த எண்ணுக்கு நேரே இருக்கிறது. நீங்கள் போர்டைச் செருகியதும் கணினி பட்டியலைப் பார்த்து, பிரெய்ல் டிஸ்ப்ளே வந்திருக்கிறது என்று நினைத்து பிஆர்எல்டிடிஒய்யை எழுப்புகிறது. எழுந்தவர் முதல் வேலையாகச் சாதனத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்கிறார். இயங்குதளத்தின் மையமான கர்னலில் இந்தச் சிப்பைக் கவனிக்கும் சிஎச்341 டிரைவர் விலகுகிறது, டிடிஒய்யூஎஸ்பி0 என்ற உங்கள் போர்ட் மறைகிறது. கர்னல் பதிவைப் பார்த்திருந்தால் டிரைவர் பெயரும் பிஆர்எல்டிடிஒய் பெயரும் ஒரே வரியில் இருந்திருக்கும், அடுத்த வரியில் 'துண்டிக்கப்பட்டது' என்று வந்திருக்கும். ஈஎஸ்பி32 போர்டுகளில் அதிகம் வரும் சிபி2102 சிப்புக்கும் இதே கதைதான். அதன் எண் 10சி4, இஏ60.

இதில் பிஆர்எல்டிடிஒய் எழுதியவர்களை மட்டும் திட்டுவது சரியில்லை. 1995-லிருந்து தன்னார்வலர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் மென்பொருள் அது. இப்போது தலைமையேற்று நடத்தும் டேவ் மில்கியே பார்வையற்றவர். சாதனத்தைச் செருகியவுடன் வேலை செய்ய வேண்டும் என்று அவர்கள் நினைத்ததற்கு வலுவான காரணம் இருக்கிறது. பார்வை இல்லாதவருக்குக் கணினி பேசினால் போதும். பார்வையும் கேட்கும் திறனும் சேர்ந்தே இல்லாதவருக்குப் பேச்சால் பயனில்லை. அவருக்குக் கணினிக்குள் போக இருக்கிற ஒரே வாசல் விரல் நுனியில் எழும்பும் புள்ளிகள். எந்தப் பட்டனை அழுத்தி பிரெய்லை இயக்குவது என்று அவருக்குத் திரையிலும் காட்ட முடியாது, ஒலியிலும் சொல்ல முடியாது. செருகினால் புள்ளி எழ வேண்டும். வேறு வழி கிடையாது.

இருந்தாலும் உபுண்டு 22.04-ல் நடந்தது தவறுதான். ஒரு எண் பல பொருளுக்குப் பொது என்று தெரிந்திருக்கும்போது, ஊகத்தை வைத்து சாதனத்தைக் கைப்பற்றியிருக்கக் கூடாது. அதற்கென்றே செய்த பிரெய்ல் டிஸ்ப்ளேக்களின் தனி எண்களையும், எவர் வேண்டுமானாலும் போடும் பொதுச் சிப் எண்களையும் பிறகு பிஆர்எல்டிடிஒய்யை எழுதுபவர்களே, எந்த எண் வந்தால் அதை எழுப்புவது என்று சொல்லும் வெவ்வேறு விதிக் கோப்பாகப் பிரித்துவிட்டார்கள். முதல் கோப்பை இயக்கத்தில் வைத்து, இரண்டாவதை அணைத்து வைக்கலாம். எனக்குத் தெரிந்த வரையில் நியாயமான சமரசம் அதுதான். ஆனால் அதற்கும் ஒருவர் விலை கொடுக்கிறார் என்பதை மறக்க வேண்டாம்: இலவசமாக இரவல் வாங்கிய அந்த 20 செல் கருவிக்காரர் இனிமேல் செருகியவுடன் படிக்க முடியாது, யாரையாவது கூப்பிட்டு அமைப்பை மாற்றச் சொல்ல வேண்டும். 40 செல் உள்ள நல்ல பிரெய்ல் டிஸ்ப்ளே லட்ச ரூபாயைத் தாண்டும், அதற்குப் பெரும்பாலும் சொந்த எண் இருக்கும், பிரச்சினை வராது. மலிவான சிப் போட்ட குளோனும் இரவல் கருவியும்தான் ஒரே எண்ணுக்கு அடித்துக்கொள்கின்றன.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். "வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளலாமே." ஒரு நிமிடம் இதைச் செய்து பாருங்கள். புதுக் கணினியைத் திறந்து மானிட்டரை அணைத்துவிட்டு, மவுஸைத் தொடாமல் ஒரு மென்பொருளை நிறுவுங்கள். எந்தச் சன்னல் திறந்திருக்கிறது, கடவுச்சொல் கேட்கிறதா, ஆமாம் இல்லை என்பதில் எது எங்கே இருக்கிறது, எதுவும் தெரியாது. ஸ்கிரீன் ரீடரை நிறுவ ஸ்கிரீன் ரீடர் வேண்டும். பூட்டிய பெட்டிக்குள்ளேயே சாவி இருப்பது மாதிரி. டெபியன் என்ற லினக்ஸைச் செய்பவர்கள் இதை நிறுவும் வட்டிலேயே தீர்த்தார்கள்: பூட் மெனு வந்ததும் பீப் ஒலி வரும், எஸ் அழுத்தி என்டர் தட்டினால் நிறுவல் முழுவதும் பேசிக்கொண்டே நடக்கும், யூஎஸ்பி பிரெய்ல் டிஸ்ப்ளே செருகியிருந்தால் அதையும் தானாகக் கண்டுபிடிக்கும். அப்படி நிறுவிய கணினி, நிறுவி முடித்த பிறகும் அதே அமைப்போடுதான் எழும். அந்த பீப் மட்டும் இல்லையென்றால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை, எப்போது எஸ் அழுத்துவது என்றே தெரியாது.

வணிக நிறுவனங்களும் இதற்கு வந்து சேர நாளாயிற்று. 1990-களிலும் அதற்குப் பிறகும் பார்வையற்றவர் கணினி வாங்கினால், தனியாக ஜாஸ் மாதிரியான ஸ்கிரீன் ரீடரை வாங்க வேண்டும். ஜாஸின் விலை கிட்டத்தட்ட 900 டாலர், பல நேரம் கணினியின் விலையைவிட அதிகம். விண்டோஸ் 2000-ல் நேரேட்டர் என்ற ஸ்கிரீன் ரீடர் உள்ளேயே வந்தது. ஆனால் தினசரி வேலைக்கு இது போதாது, கூடுதல் வசதியுள்ள வேறொன்று தேவைப்படும் என்று மைக்ரோசாஃப்டே அதன் அறிமுகப் பெட்டியில் எழுதி வைத்திருந்தது. 2005-ல் ஆப்பிள் தன் மேக் கணினிகளில் முழு ஸ்கிரீன் ரீடரான வாய்ஸ்ஓவரை உள்ளேயே வைத்தது. 2009-ல் ஐபோன் 3ஜிஎஸ்ஸிலும் வந்தது. அதே 2009-ல் ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடர். 2006-ல் லினக்ஸின் க்னோம் மேசைத்தளத்தோடு ஓர்கா என்ற ஸ்கிரீன் ரீடர் சேர்ந்தது. அதே வருடம் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் விண்டோஸுக்காக என்விடிஏ எழுதத் தொடங்கினார், இலவசம். இன்று எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் பென்டிரைவில் சுமந்து திரிவது அதைத்தான்.

பென்டிரைவில் இருக்கிறதே, அப்புறம் உள்ளே எதற்கு என்று கேட்கலாம். சொந்தக் கணினி மட்டுமே தொடுகிறவருக்கு அது சரி. கல்லூரி ஆய்வகம், நூலகம், தேர்வு மையம், அலுவலகத்தில் பக்கத்து மேசை, இ-சேவை மையம் என்று நாம் தொடும் கணினிகளில் பாதி நம்முடையவை கிடையாது. அங்கே நிறுவ அனுமதி இருக்காது. வைரஸ் பயத்தில் யூஎஸ்பி போர்ட்டையே மூடியிருப்பார்கள். அங்கே நிற்கிற பார்வையற்றவருக்கு, கணினியிலேயே இருப்பதுதான் உதவும். உலகம் முழுவதுமுள்ள ஸ்கிரீன் ரீடர் பயனர்களிடம் வெப்எய்ம் என்ற அமைப்பு அவ்வப்போது கருத்துக் கேட்கிறது. 2023 டிசம்பர், 2024 ஜனவரியில் கேட்டபோது நேரேட்டரைத் தங்கள் முதன்மை ஸ்கிரீன் ரீடராகச் சொன்னவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் பயன்படுத்துவதுண்டு என்றவர்கள் 37 சதவீதம். கருத்துக்கணிப்புக்குத் தாங்களாக வந்து பதில் சொன்னவர்களின் கணக்குதான் இது, பத்தாயிரத்தில் இத்தனை பேர் என்று இதைப் பெருக்கிப் பார்க்கக் கூடாது. ஆனாலும் இரண்டு எண்களுக்கும் நடுவிலிருக்கும் இடைவெளி ஒன்றைச் சொல்கிறது. உள்ளேயே வருவது சிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. சிறந்ததை எடுத்துவரும் வரைக்கும் கைப்பிடித்துக் கூட்டிப்போனால் போதும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 22.04 வந்த புதிதில் எங்கள் எலக்ட்ரானிக்ஸ் துறையிலும் உங்கள் கதைதான் நடந்தது. முப்பது கணினி, முப்பது போர்டு, ஒன்றில்கூட போர்ட் வரவில்லை, செய்முறை வகுப்பு வீணாய்ப்போனது. காரணம் தெரிந்ததும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி எல்லாக் கணினியிலும் பிஆர்எல்டிடிஒய்யைத் தூக்கினேன். தூக்கும்போது, இதுவும் அந்தக் குடும்பம்தானே என்று ஓர்காவையும், அதற்குக் குரல் கொடுக்கும் ஸ்பீச் டிஸ்பாட்சரையும் சேர்த்தே தூக்கினேன். ஆய்வகத்தைச் சுத்தம் செய்துவிட்டதாகப் பெருமை வேறு.

அடுத்த பருவத்தில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கும் ஒரு மாணவி வந்தார். வெள்ளைக் கோலை மடித்து மேசையில் வைத்தார், விசைப்பலகையில் எஃப், ஜே விசைகளின் மேடுகளைத் தடவிப் பார்த்தார், ஆல்ட், சூப்பர் (விண்டோஸ் படம் போட்ட விசை), எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினார். "ஸ்கிரீன் ரீடர் ஆன்" என்று குரல் வர வேண்டும். வரவில்லை. ஹெட்போன் பின்னைக் கழற்றி மறுபடி செருகினார். மறுபடி அழுத்தினார். பக்கத்துக் கணினிக்கு நகர்ந்து அங்கேயும் அழுத்தினார். மூன்றாவது கணினியில் நின்று, என் பக்கம் திரும்பி, "சார், இந்த லேப்ல ஸ்பீக்கர் எல்லாம் போயிடுச்சா?" என்று கேட்டார். கணினியில் குறை இருக்கும் என்றோ, நான் எதையாவது எடுத்திருப்பேன் என்றோ அவருக்குத் தோன்றவில்லை. ஸ்பீக்கரைத்தான் சந்தேகப்பட்டார். "இல்லம்மா, நான்தான்..." என்று இழுத்தேன். அட்மின் கடவுச்சொல் போட்டு நிறுவப் பத்து நிமிடம் ஆனது. நான் அன்று விடுப்பில் இருந்திருந்தால் அவர் திரும்பிப் போயிருப்பார். கல்லூரியும் பார்வையற்ற மாணவர்கள் யாரும் ஆய்வகத்துக்கு வருவதில்லை என்று கணக்கு எழுதியிருக்கும்.

அந்தக் கணக்குதான் இந்த விவாதத்தில் எப்போதும் வரும்: எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்? லினக்ஸில் இதற்கு நம்பகமான எண் யாரிடமும் கிடையாது, கிடைப்பதும் கடினம். ஸ்கிரீன் ரீடர் ஓடுகிறதா என்று ஓர் இணையதளத்தால் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தகவல் வெளியே போகக் கூடாது என்று நினைக்கிற பார்வையற்றவர்கள் நிறையப் பேர், நானும் அவர்கள் பக்கம்தான். தனக்குப் பார்வையில்லை என்பதை உலாவி எல்லாத் தளத்துக்கும் சொல்லிக்கொண்டு திரிய வேண்டுமா என்ன? ஆகவே 'யாரும் பயன்படுத்தவில்லை, எடுத்துவிடலாம்' என்று ஒருவர் சொன்னால், எப்படி எண்ணினீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

செலவு என்ன என்பது நேர்மையான கேள்வி. இடம் ஒரு பொருட்டே இல்லை: ஓர்காவும் ஈஸ்பீக் குரலும் பிஆர்எல்டிடிஒய்யும் சேர்ந்தாலும் சில பத்து மெகாபைட் கணக்குதான், கணினியோடு வரும் வால்பேப்பர்களைப் பற்றி யாரும் இப்படிக் கேட்பதில்லை. வேகம்? அணைந்திருக்கும் ஸ்கிரீன் ரீடர் எதையும் மெதுவாக்காது. ஓடும்போது செலவு உண்டு: திரையிலிருக்கும் ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர், வகை, நிலை என்று ஒரு மரத்தை உலாவி கட்டித்தர வேண்டும். குரோம் போன்றவை, கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அந்த வேலையைத் தொடங்குகின்றன. பாதுகாப்பு? ஆண்ட்ராய்டில் வங்கிக் கணக்கைத் திருடும் செயலிகள் அணுகல்தன்மை அனுமதியைத்தான் குறிவைக்கின்றன, உண்மைதான். ஆனால் அவை பயன்படுத்துவது இயங்குதளத்தின் அனுமதியை. டாக்பேக்கை நீக்கினாலும் அந்த அனுமதி அங்கேயேதான் இருக்கும். பூட்டை மாற்றாமல் வீட்டு விருந்தாளியைத் துரத்திய கதை அது.

உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது, அது உங்களுக்கு நடந்தது மாதிரியான எதிர்பாராத விழிப்பு. டாக்பேக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பல போன்களில் இரண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்து மூன்று வினாடி அழுத்தினால் ஆன் ஆகிவிடும். பக்கத்து வீட்டு அத்தை ஒருநாள் போனைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடி வந்தார்: "தம்பி, போன்ல யாரோ புகுந்துட்டாங்க, தொட்டதையெல்லாம் சொல்லுது, ஒண்ணும் திறக்க மாட்டேங்குது." ஒருமுறை தொட்டால் வாசிக்கும், இரண்டுமுறை தட்டினால்தான் திறக்கும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? மறுபடி இரண்டு பட்டனையும் அழுத்தினேன், அடங்கியது. செல்போன் கடைக்குப் போயிருந்தால் ரீசெட் அடித்து போட்டோவெல்லாம் போயிருக்கும். விண்டோஸில் ஷிஃப்டை ஐந்துமுறை தட்டினால் எட்டிப் பார்க்கும் ஸ்டிக்கி கீஸும் இப்படித்தான். கேம் ஆடுகிற பையன்களைக் கேளுங்கள், சாபம் விடுவார்கள். ஆனால் இந்தத் தொல்லை எல்லாமே எழுப்பும் முறையில் இருக்கிற குறை, எழுப்பும் முறையை மாற்றித்தான் தீர்க்க வேண்டும். தற்செயலாக அழுந்தாத விசைக்கூட்டு வேண்டும், எழுந்ததும் 'நான் இன்னது, அணைக்க இதை அழுத்து' என்று அதுவே சொல்ல வேண்டும். நேரேட்டரை எழுப்ப முன்பு விண்டோஸ் விசையும் என்டரும் போதும். 2017-ல் கூடவே கண்ட்ரோலையும் சேர்த்தார்கள். விசைக்கூட்டை மாற்றினார்களே தவிர நேரேட்டரை எடுத்துவிடவில்லை.

எனக்கே உறுதியில்லாத இடமும் ஒன்று உண்டு. பேச்சை முன்கூட்டியே வைப்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பயனர் விசை அழுத்தும் வரை தூங்கும். பிரெய்ல் அப்படியில்லை, அதைச் சாதனம்தான் எழுப்புகிறது, நடுவில் மனிதர் இல்லை. பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத ஒருவருக்காக முப்பது மாணவர்களின் செய்முறை வகுப்பு வீணாகலாமா என்று கேட்டால், எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செருகியதும் சாதனத்தைப் பிடுங்காமல், கணினியைத் துவக்கும்போதே செருகியிருந்தால் மட்டும் அதைப் பிரெய்ல் கருவியா என்று சோதித்தால் பாதித் தகராறு தீரும் என்று நினைக்கிறேன். ஆர்டுயினோவைச் செருகிக்கொண்டு கணினியை ஆன் செய்பவர்கள் குறைவு. ஆனால் இதைப் பிரெய்ல் பயனர்கள் ஏற்பார்களா என்பது வேறு விஷயம். அவர்களிடம் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது.

இன்னொன்று. நிறுவியிருப்பதும் வேலை செய்வதும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். லினக்ஸ் மேசைத்தளங்கள், திரையையும் விசையழுத்தத்தையும் கையாளும் புதிய அமைப்பான வேலேண்டுக்கு மாறியபோது, ஒரு செயலியின் விசையழுத்தத்தை இன்னொன்று ஒட்டுக்கேட்க முடியாதபடி பூட்டினார்கள், பாதுகாப்புக்காக. ஓர்காவின் பிழைப்பே விசையழுத்தத்தைக் கேட்பதில்தான். அதற்கு முறையான வழி 2025 மார்ச்சில் க்னோம் 48-ல்தான் வந்தது. அதற்கு முன்பெல்லாம் ஓர்கா நிறுவப்பட்டுத்தான் இருந்தது, ஆனால் பாதி விசைகள் அதன் காதில் விழவில்லை. தமிழில் வேலை செய்கிறவருக்குத் தொல்லை இன்னும் ஒரு படி கூட. ஈஸ்பீக்கில் தமிழ்க் குரல் இருக்கிறது, விண்டோஸில் வள்ளுவர் என்ற தமிழ்க் குரல் இருக்கிறது, எழுத்தைப் பிரெய்லாக மாற்றும் லிப்லூயி தொகுப்பில் தமிழ் பிரெய்ல் அட்டவணையும் இருக்கிறது. எல்லாம் இருந்தும், டிடிபி கடையிலிருந்து, யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் வரும் கோப்பைத் திறந்தால் என்ன கேட்கும் தெரியுமா? கண்ணுக்குத் 'தமிழ்' என்று தெரிவது, உள்ளே ஆங்கில எழுத்துகளாகத்தான் இருக்கிறது. ஸ்கிரீன் ரீடர் அதை "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று வாசிக்கும். அந்த மாணவி ஒரு முழுப் பாடக் குறிப்பை இப்படிக் கேட்டுவிட்டு, "சார், இது எந்த பாஷை?" என்றார். யூனிகோடில் தட்டச்சு செய்யாத வரை, எந்த மென்பொருளை முன்கூட்டி வைத்தும் பயனில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 42-ஆம் பிரிவு, அன்றாடப் பயன்பாட்டு மின்னணுப் பொருட்கள் எல்லோரும் பயன்படுத்தும் வடிவமைப்பில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. பாமினிக் கோப்புகள் அதே அரசு அலுவலகங்களிலிருந்தும் வருகின்றன என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

உங்கள் கணினிக்கு வருவோம். உங்கள் சொந்த லேப்டாப்தான், பிஆர்எல்டிடிஒய்யை நீக்கியதில் ஒரு குற்றமும் இல்லை, குற்ற உணர்ச்சியும் வேண்டாம். ஓர்காவை மட்டும் தொடாதீர்கள், அது உங்கள் போர்ட் பக்கமே வராது. பலர் தொடும் கணினி என்றால் நீக்காமலேயே தீர்க்கலாம். செருகும் சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் என்ற பகுதியின் விதிகள் இருக்கும் கணினி அடைவில், 85 என்று தொடங்கி பிஆர்எல்டிடிஒய் பெயரோடு ஒரு கோப்பு இருக்கும். அதை இடிசி-யின் கீழுள்ள யூடெவ் விதி அடைவுக்கு அதே பெயரில் நகலெடுங்கள். அங்கே இருப்பதற்குத்தான் முன்னுரிமை, அப்டேட் வந்தாலும் அழியாது. நகலில் 1ஏ86, 7523 உள்ள வரியின் முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டுச் சேமியுங்கள். ஈஎஸ்பி32 போர்டும் வைத்திருந்தால் 10சி4, இஏ60 வரிக்கும் அப்படியே. பிறகு யூடெவ் விதிகளை மறுபடி ஏற்றச் சொல்லி, போர்டைக் கழற்றிச் செருகுங்கள். மற்ற பிரெய்ல் டிஸ்ப்ளேக்கள் வழக்கம்போல வேலை செய்யும். எங்கள் ஆய்வகத்தில் இப்போது முப்பது கணினியிலும் இப்படித்தான் இருக்கிறது. பருவம் தொடங்கும் முன் ஒவ்வொன்றிலும் மானிட்டரை அணைத்துவிட்டு ஆல்ட், சூப்பர், எஸ் அழுத்திக் குரல் வருகிறதா என்று கேட்டுக்கொள்வேன். போன மாதம் இரண்டில் வரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், நிஜமாகவே ஸ்பீக்கர்தான் போயிருந்தது.